ஒரு ‘வாங்க’ போதும்

போன வாரம் லோகப்பிரியாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, திரையில் ‘தம்பிதுரை, மெல்பர்ன்’ என்ற பெயரைக் காட்டிவிட்டு நான் பாட்டுக்குக் கிளம்பிவிட்டேன். கல்யாணம் நிச்சயமான பெண்ணை ஒரு வாரம் முழுக்க இப்படியா நாற்காலியில் உட்கார வைப்பது என்று உடுமலையிலிருந்து ஒரு அம்மாள் கோபமாக எழுதியிருக்கிறார். நியாயமான கோபம்தான்.

ஆனால் லோகப்பிரியாவுக்கு அது ஒரு வாரமாகத் தெரியவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரமாகத்தான் தெரிந்தது. ஆடிக் காற்று பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்து, பீளமேட்டு வீட்டின் ஜன்னல் கதவை மெல்லத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனது. ஞாயிற்றுக்கிழமைக் காலை. பின்பக்கம் இருக்கிற அப்பாவின் லேத் பட்டறைக்கு விடுமுறை. பட்டறைச் சத்தம் இல்லாத நாளில் அந்த வீடு தரையிலிருந்து ஒரு சாண் மேலே மிதக்கிற மாதிரி இருக்கும்.

தம்பிதுரை அவளுடைய தாய்மாமன். அம்மா பாவாத்தாளுக்கு உடன்பிறந்த ஒரே அண்ணன். தாராபுரத்துக்காரர், இப்போது மகன் சுரேந்தரோடு மெல்பர்னில் இருக்கிறார். இந்த வீட்டுக்குக் குடிவந்த புண்ணியார்ச்சனை அன்றைக்குச் சீர்த் தட்டோடு வந்தவரை வாசலில் ஒருத்தரும் ‘வாங்க’ என்று கேட்கவில்லை. நல்ல மழை, கரண்ட் இல்லை, உள்ளே ஒரே கூட்டம். சிறிது நேரம் நின்று பார்த்தார். தட்டைக் காம்பவுண்டுச் சுவர் மேல் வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார். அப்போது லோகப்பிரியா பாவாடை சட்டை போட்ட பெண். அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவே இல்லை.

தை மாதம் அன்னூர் மாப்பிள்ளையோடு லோகப்பிரியாவுக்குக் கல்யாணம். மாமன் வந்து சீர் செய்யாமல் எப்படி மணவறையில் உட்காருவது? இதைப் பாவாத்தாள் வாய்விட்டு யாரிடமும் கேட்டதில்லை. விளக்கு வைக்கும்போது மட்டும் சாமி படத்துக்கு முன்னால் உதடு அசைகிறது.

வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம், ஒரு வாங்கவுக்காகவா இத்தனை வருசம் என்று. எங்கள் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனால் அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருத்தரும் தனித்தனியாக வாங்க என்று கேட்க வேண்டும். அடுப்படியில் இருப்பவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்பார். நடக்கப் பழகிய குழந்தையைக்கூட ‘வாங்கன்னு கேளு கண்ணு’ என்று முன்னால் தள்ளிவிடுவார்கள். பத்துப் பேர் கேட்டு ஒருவர் விட்டுப்போனால், வந்தவர் ஊருக்குப் போய் அந்த ஒருவரைப் பற்றித்தான் பேசுவார்.

இந்தப் பழக்கம்தான் லோகப்பிரியாவின் குழுவையும் திணற அடித்தது.

குழுவின் பெயர் ‘கொங்கு வாசல்’. கம்ப்யூட்டர் வழியாகக் கடிதம் போட்டுக்கொள்கிற ஈ-மெயில் குழு. ஒருவர் குழுவின் முகவரிக்கு எழுதினால் அது உறுப்பினர் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். மஸ்கட், நார்வே, சிகாகோ என்று சிதறிக் கிடக்கிற நம்மூர்க்காரர்கள் கம்மங்களியையும் வாய்க்கால் தண்ணீரையும் பற்றி இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். அதை நடத்துகிற பொறுப்பு லோகப்பிரியாவுடையது. அது ஓடுகிற மெஷின், அவளோடு காலேஜில் படித்த சிக்கந்தரின் ஆபீசில் இருக்கிறது.

புதிதாக ஒருவர் வந்து ‘எனக்கு இன்ன ஊருங்க’ என்று எழுதினால் போதும், அத்தனை பேரும் பதில் போடுவார்கள். வந்தவர் எழுதியது முழுவதையும் கீழே அப்படியே ஒட்டி வைத்து, மேலே ஒரே ஒரு ‘வாங்க’. வந்தவர் எல்லோருக்கும் தனித்தனியாகச் ‘சந்தோசம்’ என்று நன்றி சொல்வார். அந்தச் சந்தோசத்துக்கு ‘இருக்கட்டுங்க’ என்று ஆளுக்கொரு பதில் வரும். ஒவ்வொருவரின் கடிதப் பெட்டிக்கும் இவ்வளவுதான் கொள்ளும் என்று ஒரு அளவு உண்டு. பெட்டிகள் நிரம்பி வழிந்தன. நிரம்பிய பெட்டிக்கு அனுப்பிய கடிதங்கள் போன வேகத்தில் திரும்பி வந்தன. வீட்டு போன் லைன் பாதி நாள் கம்ப்யூட்டரோடு மாட்டிக்கொண்டு கிடந்தது.

அதனால் லோகப்பிரியா விதி போட்டாள். புதிதாக வருகிறவர்களுக்குக் குழுவின் சார்பில் ஒரு வாங்க போதும், அதை மெஷினே அனுப்பிவிடும். ஒற்றை வரிப் பதிலைக் குழுவுக்கு அனுப்ப வேண்டாம், சொந்த விஷயமானால் அந்த ஒருவருக்கு மட்டும் எழுதுங்கள். குழுவை விட்டுப் போக விரும்புகிறவர்களை அன்றைக்கே எடுத்துவிடுவேன். நல்ல விதிதான், நானும் குறை சொல்ல மாட்டேன். சிக்கந்தர் பாராட்டினான். குழு கொஞ்சம் மூச்சு விட்டது.

பதினைந்து நாள் முன்னால், வீடே அன்னூரில் நிச்சயத்தில் இருந்தபோது, தம்பிதுரை மாமா அந்த வாசலுக்கு வந்திருக்கிறார்.

அவர் வந்ததை லோகப்பிரியா கவனிக்கவில்லை. போனதைத்தான் இப்போது பார்த்தாள். திரையில் இருந்தது இது.

‘எல்லாருக்கும் வணக்கமுங்க. உள்ள வந்து பதினஞ்சு நாளாச்சுங்க. வந்தன்னைக்கு ஒரு மெஷின் வாங்கன்னு கேட்டுச்சுங்க. மனுசரு ஒருத்தரும் கேக்கலீங்க. இது என்ற தங்கச்சி மக நடத்தற வாசல்னு சுரேந்தர் சொல்லித்தான் வந்தேனுங்க. வாசல்ல நின்னுபோட்டுத் திரும்பறது எனக்குப் புதுசில்லீங்க. என்ற பேரை எடுத்துப்போடுங்க. நான் போறேனுங்க.’

அவள் இரண்டு முறை படித்தாள். போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் போறேன் என்கிற மனிதரின் முகத்தை நினைத்துப் பார்க்க முயன்றாள். சரியாக ஞாபகம் வரவில்லை. மழையில் நனைந்த வெள்ளைச் சட்டையின் முதுகுதான் தெரிந்தது.

குழுவை விட்டுப் போவதற்கென்று தனி முகவரி ஒன்று உண்டு. அதற்கு ஒரு வார்த்தை அனுப்பினால் மெஷின் பெயரை எடுத்துவிடும். மாமாவுக்கு அது தெரியவில்லை. குழு முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். ஆகவே அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். அவரை வெளியே அனுப்ப வேண்டியது இனி லோகப்பிரியாவின் கை.

“யாரு அம்மணி வந்திருக்கறாங்க?”

பாவாத்தாள் ஈரத் தலையை முடிந்துகொண்டு வந்து, பீரோவில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் எப்போதும் இப்படித்தான் கேட்பாள். கடிதம் வந்திருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இங்கிலீஷ் எழுத்து அவளுக்குத் தெரியாது. மகள் படிக்கப் படிக்கக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாள். நார்வேக்காரருக்கு வெள்ளை மீசை, மஸ்கட் பெண்ணுக்கு மூக்குத்தி என்று அவளே முகங்களும் கொடுத்து வைத்திருந்தாள். சாயங்காலம் கறிகாய் நறுக்கும்போது, பாவம் அந்த நார்வேக்காரருக்கு இன்னும் பொழுதே விழுந்திருக்காது என்பாள்.

மறைத்துவிடலாமா என்று லோகப்பிரியாவுக்குத் தோன்றியது. ஆனால் அம்மாவின் முகம் அவ்வளவு நம்பிக்கையோடு நிமிர்ந்திருந்தது. அவளால் முடியவில்லை.

“மாமாங்கம்மா. தம்பிதுரை மாமா.”

பாவாத்தாளின் கை முடிச்சிலேயே நின்றுவிட்டது.

லோகப்பிரியா படித்தாள். முதலில் அவர் இன்று எழுதியதை. பிறகு தேடி எடுத்து, அவர் முதல் நாள் எழுதியதை. ‘ஊரு தாராபுரமுங்க, அமராவதித் தண்ணி குடிச்சு வளந்தவனுங்க, இங்க பேச்சுத் துணைக்கு ஆளில்லீங்க’ என்று அதில் இருந்தது. அதற்குக் கீழே மெஷினின் பதில்: ‘கொங்கு வாசலுக்கு உங்களை வரவேற்கிறோம். விதிகள் பின்வருமாறு.’

அம்மா பாதியில் விட்ட முடிச்சைப் போட்டு முடித்தாள். ஜன்னலில் காற்று வந்து போனது.

“அண்ணன் ஒத்த வெரல்லதான் அடிச்சிருப்பாரு, இல்ல கண்ணு?”

“தெரியலீங்கம்மா. அப்படித்தான் இருக்கும்.”

“இத்தனையும் அடிக்கறதுக்கு எத்தனை நேரம் ஆயிருக்கும்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ரெண்டாவது தடவையும் ஒருத்தரும் கேக்காமப் போச்சே.”

ஹாலில் கட்டிலில் பனியனோடு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார் கதிர்வேல், லோகப்பிரியாவின் அப்பா. எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். அவரும் குழுவில் உறுப்பினர்தான். மகள் சேர்த்துவிட்டாள். பட்டறை முடிந்து வந்து எல்லாவற்றையும் படிப்பார், ஒரு வரி எழுத மாட்டார். பேச்சிலும் அதே சிக்கனம். பேப்பரைத் திருப்புகிற சத்தம் மட்டும் கேட்டது.

போன் அடித்தது. சிக்கந்தர்.

“லோகா, அந்த மெல்பர்ன் பெரியவர் எழுதினதப் பாத்தியா? இன்னிக்கே பேரை எடுத்துடு. நீ போட்ட விதிதான்.”

“அவரு எங்க தாய்மாமன், சிக்கந்தர்.”

“அடக் கடவுளே, நான் கடைசி வரியை மட்டும்தான் பாத்தேன். சரி, தனியா எழுதி சமாதானம் பண்ணு. குழுவுல மட்டும் மறுபடியும் வாங்கத் திருவிழா வேண்டாம். இன்னொரு தடவை மெஷின் மூச்சு முட்டி நின்னா, குழுவை மூடிருங்கன்னு மேனேஜர் சொல்லிட்டாரு. இனிமே என்னால அவர்கிட்டப் பேச முடியாது.”

போனை வைத்துவிட்டு வந்தாள். அம்மா இன்னும் அதே இடத்தில் இருந்தாள்.

“எடுக்காத அம்மணி,” என்றாள். “நான் அண்ணனை வாங்கன்னு கேக்கோணும்.”

“கேக்கலாங்கம்மா. மாமாவுக்கு மட்டும் தனியா எழுதித் தாரேன். வேற யாருக்கும் போகாது. அதுதான் முறை.”

“எது முறை?”

“ரெண்டு பேருக்குள்ள இருக்கற சமாச்சாரத்தை அத்தனை பேரு பெட்டியிலயும் போடக்கூடாதுங்கம்மா. குழுவுக்குன்னு ஒரு நாகரிகம் இருக்குது.”

பாவாத்தாள் யோசித்தாள். கோபமில்லை. சமையலில் உப்புப் பார்க்கிறபோது முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“கண்ணு, அன்னைக்கு அண்ணன் தலை குனிஞ்சது நாலு பேரு முன்னாடி. இப்ப ஒருத்தருக்கும் தெரியாம மூலையில கூப்புட்டு வாங்கன்னு கேட்டா, அவரு எப்படித் தலையை நிமுத்தறது? உன்ற வாசல்ல எத்தனை பேரு நிக்கறாங்களோ அத்தனை பேரும் கேக்கற மாதிரி நான் கேக்கோணும்.”

லோகப்பிரியா திரையை அணைத்துவிட்டுச் சாப்பாடு எடுத்து வைக்கப் போனாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்தது. அப்பா கட்டிலில் சாய்ந்தார். லோகப்பிரியா கம்ப்யூட்டர் மேஜையில் கையை மடித்து வைத்துத் தலையைச் சாய்த்தாள். காற்று காது வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத ஒரு இடத்தில் அவள் இந்த வீட்டு வாசலைப் பார்த்தாள். கேட்டுக்கு வெளியே பனிக்கோட்டுப் போட்டவர்களும் பாலைவன மணல் ஒட்டிய செருப்புக்காரர்களும் வரிசையாக நின்றார்கள். எல்லோர் கையிலும் சீர்த் தட்டு. அவள் உள்ளே நின்றுகொண்டு ‘ஒரு வாங்க போதும், ஒரு வாங்க போதும்’ என்று அட்டையைத் தூக்கிக் காட்டினாள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஒவ்வொருவராகத் தட்டைச் சுவர் மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார்கள். சுவர் நீண்டுகொண்டே போனது.

விழித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. எழுந்து முகம் கழுவினாள். அடுப்படியில் இருந்த அம்மாவைக் கூப்பிட்டாள்.

“வாங்கம்மா. என்ன எழுதோணும்னு சொல்லுங்க.”

பாவாத்தாள் நாற்காலியில் உட்கார மாட்டேன் என்றாள். அண்ணனிடம் உட்கார்ந்துகொண்டா பேசுவது என்றாள். மகளின் தோளைப் பிடித்தபடி நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

‘அண்ணா, பாவாத்தா கேக்கறேனுங்க. வாங்க. அன்னைக்குக் கேக்காததுக்கும் சேத்து வாங்க. மழைல நீங்க திரும்பிப் போனதை நெனைக்காத நாளில்லீங்க. தை மாசம் உங்க மருமகளுக்குக் கல்யாணம். வாங்க.’

அதற்கு மேல் அவளுக்குச் சொல்ல வரவில்லை. லோகப்பிரியா கீழே தன் பங்குக்குச் சேர்த்தாள்: ‘மாமா, நானும் கேக்கறேன், வாங்க. குழு நண்பர்களுக்கு: விதி போட்டவளே விதியை மீறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து யாரும் பதில் போட வேண்டாம்.’

இணைப்பு கொடுத்தாள். மோடம் கூவி, இரைந்து, அடங்கியது. எந்தப் பொத்தான் என்று காட்டினாள். பாவாத்தாள் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டு அழுத்தினாள்.

“போயிருச்சா?”

“போயிருச்சுங்கம்மா.”

“இப்ப அங்க என்ன நேரம்?”

“சாயங்காலம் முடிஞ்சிருக்கும்.”

“வெளக்கு வெச்சிருப்பாங்க,” என்றாள் பாவாத்தாள்.

பதில் போட வேண்டாம் என்று சொன்னால் எங்கள் ஆட்கள் கேட்பார்களா? முதலில் மஸ்கட் பெண். ‘அண்ணா, வாங்க. விதி எனக்குத் தெரியுமுங்க, இன்னைக்கு மட்டும்.’ அடுத்து நார்வேக்காரர். ‘பெரியவரே, பதினஞ்சு நாளா மனசு உறுத்திட்டே இருந்துச்சுங்க. வாங்க.’ ஒவ்வொன்றுக்குக் கீழேயும் பாவாத்தாள் சொன்னது முழுவதும் ஒட்டப்பட்டிருந்தது. விதிப்படி பழையதை வெட்டிவிட்டு அனுப்ப வேண்டும். யாருக்கும் வெட்ட மனம் வரவில்லை போலிருக்கிறது.

பொழுது சாயச் சாய அமெரிக்கா விழித்துக்கொண்டது. சிகாகோ, டல்லாஸ், பெயர் தெரியாத இன்னும் ஊர்கள். இதுவரை ஒரு நாளும் வாய் திறக்காத உறுப்பினர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நடுவில் ஒன்று சிக்கந்தரிடமிருந்து வந்தது. ‘வாங்க மாமா. மேனேஜரை நான் பாத்துக்கறேன்.’ லோகப்பிரியா சிரித்தாள், ஆனாலும் மெஷின் தாங்குமா என்று நினைத்தாள்.

பாவாத்தாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பெயருக்கும் தலையை ஆட்டினாள். வருகிறவர்களை வாசலில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது அவள் முகம். லோகப்பிரியா அம்மாவை அவ்வளவு அழகாகப் பார்த்ததே இல்லை.

விளக்கு போடுகிற நேரத்தில் மெல்பர்னிலிருந்து வந்தது. குழுவுக்கு இல்லை, லோகப்பிரியாவுக்கு மட்டும்.

‘அம்மணி லோகா, மாமன் எழுதறேன். உங்கம்மா கேட்டதைப் படிச்சு அழுதுபோட்டேன். சுரேந்தர் பயந்துட்டான். முன்னப்பின்ன பாக்காதவங்கெல்லாம் கேக்கறாங்க. இப்பவும் வந்துட்டே இருக்குது. ஒவ்வொண்ணா எல்லாத்தையும் படிச்சேன். உங்கப்பா பேரை மட்டும் காணலை அம்மணி. ரெண்டாவது தடவையும் முதல்ல இருந்து தேடினேன். அன்னைக்கும் வாசல்ல உங்கப்பாவைக் காணலை. ஊட்டுக்காரரு கேக்காத ஊட்டுக்கு நான் எப்படி வாரது? கண்ணை மூடிட்டுத் தூங்கப் போறேன். காலைல பாக்கறேன்.’

லோகப்பிரியா சத்தமாகத்தான் படித்தாள். பாதியில் நிறுத்தியிருக்கலாம் என்று படித்து முடித்த பிறகு தோன்றியது. ஹாலில் அசைவில்லை. பாவாத்தாள் எழுந்து சாமி அறைக்குள் போனாள். தீப்பெட்டி உரசுகிற சத்தம் கேட்டது.

பிறகு கட்டில் கிரீச்சிட்டது. கதிர்வேல் எழுந்தார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். பனியனுக்கு மேல் போட்டு, கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டினார். கையால் தலையைப் படிய வாரிக்கொண்டு மகளிடம் வந்து நின்றார். வெளியே கிளம்புகிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

“எந்திரி,” என்றார்.

“சொல்லுங்கப்பா, நான் அடிக்கறேன்.”

“நானே அடிக்கறேன்.”

லேத்தில் நூல் பிசகாமல் கடைகிற கை. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தது. சாமி அறையிலிருந்து சூடம் எரிகிற வாசனை வந்தது. லோகப்பிரியா அவர் தோளுக்குப் பின்னால் நின்று, திரையில் ஒவ்வொரு சொல்லாகத் தோன்றுவதைப் படித்தாள்.

‘மச்சான், கதிர்வேலுங்க. அன்னைக்கு நீங்க பஸ்ல வாரதா எழுதியிருந்தீங்க. மழைல நனைஞ்சுபோடுவீங்கன்னு உங்களைக் கூட்டியார பஸ் ஸ்டாண்டுக்குப் போனேனுங்க. தாராபுரம் பஸ் ஒண்ணு விடாமப் பாத்தேன். நீங்க யாரு ஜீப்புலயோ வந்துபோட்டுத் திரும்பிட்டீங்கன்னு ஊட்டுக்கு வந்தப்பறம்தான் தெரிஞ்சுது. அதனாலதான் நான் வாசல்ல இல்லீங்க. வாங்க.’

“அப்பா,” என்றாள் லோகப்பிரியா. “நீங்க ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போனீங்கன்னுதானே எல்லாரும்...”

“அவங்களா நெனச்சுக்கிட்டாங்க.”

“ஏனுங்கப்பா அன்னைக்கே சொல்லலை?”

அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே பேசினார். “சொல்லலாம்னுதான் உள்ள வந்தேன். படியேறறதுக்குள்ள உங்கம்மா, ஊட்டு ஆம்பளை வாசல்ல நிக்கோணும்ங்கற வெவரம்கூட இல்லையான்னு வந்திருந்த அத்தனை ஒறம்பரைச் சனத்து முன்னாடியும் கேட்டுபோட்டா. அப்பறம் என்னத்தைச் சொல்லறது. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு விட்டேன். அப்படியே போயிருச்சு.”

குழு நடத்துகிறவள் வழக்கமாகக் கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

“இது எல்லாருக்கும் போகட்டுங்களா, மாமாவுக்கு மட்டுமா?”

“மச்சானுக்கு மட்டும் போதும்.” எழுந்தார். “அனுப்பறதுக்கு முன்னாடி உங்கம்மாளுக்குப் படிச்சுக் காட்டிரு.”

அவர் செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போய், கேட்டுப் பக்கம் நின்றுகொண்டார்.

சாமி அறையிலிருந்து வந்த அம்மாவுக்கு லோகப்பிரியா படித்துக் காட்டினாள். பஸ் ஸ்டாண்டு என்ற இடத்தில் பாவாத்தாள் பீரோவைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்கப்பா அன்னைக்குச் சொட்டச் சொட்ட நனைஞ்சுதான் வந்தாரு,” என்றாள். “தலை தொவட்டிக்கத் துண்டுகூட எடுத்துக் குடுக்கலை நானு.”

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தாள்.

லோகப்பிரியா பொத்தானை அழுத்தினாள். கடிதம் போனது. நாற்காலியில் சாய்ந்து, மெல்பர்னில் விடிகிறதை நினைத்துப் பார்த்தாள். மாமா எழுந்து, காபி டம்ளரோடு வந்து உட்கார்ந்து, முதலில் எதைப் படிப்பார்?

திரையில் புதிதாக ஒன்று வந்து விழுந்தது. அனுப்பிய கடிதம்தான். மேலே மெஷின் எழுதிய வரி. மெல்பர்ன் முகவரிக்காரரின் பெட்டி நிரம்பிவிட்டது, ஆகவே இந்தக் கடிதம் சேர்க்கப்படவில்லை. அத்தனை ஊர்களிலிருந்தும் வந்த வாங்கவெல்லாம் அந்தப் பெட்டியை அடைத்துக்கொண்டு நின்றன. அப்பாவின் வாங்கவுக்கு உள்ளே இடமில்லை.

அப்பாவிடம் இதைச் சொல்ல அவசரமாக எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

காற்றில் வேப்பமரம் புரண்டுகொண்டிருந்தது. கதிர்வேல் ரோட்டைப் பார்த்து நின்றார். பாவாத்தாள் படியில் நின்று, “ஏனுங்க” என்று கூப்பிட்டாள். அவர் திரும்பினார். இருட்டில் வெள்ளைச் சட்டை மட்டும் தெரிந்தது.

“வாங்க,” என்றாள் பாவாத்தாள். “உள்ள வாங்க.”

லோகப்பிரியா சொல்ல வந்ததைச் சொல்லாமல் கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டாள்.